ரேடியோ இல்லாமலே தொடங்குங்கள்: ஃப்ரீடிவி மென்பொருளைத் தொகுத்தலும் பழுது பார்த்தலும்

தோட்டத்தில் போர்வெல் மோட்டார் ஓடவில்லை என்றால் எங்கள் ஊர் ஒயர்மேன் முதலில் ஃபியூஸைப் பார்ப்பார். பிறகு ஸ்டார்ட்டர், பிறகு கேபிள். குழிக்குள் கிடக்கும் மோட்டாரை மேலே தூக்குவது கடைசி வேலை. ஹாம் ரேடியோ எனும் பொழுதுபோக்கு வானொலியில், குரலை எண்களாக்கி அனுப்பும் இலக்கமுறைக் குரலைக் கையில் எடுக்கும் புதியவர்கள் இதைத் தலைகீழாகச் செய்கிறார்கள். குரல் வரவில்லை என்றதும் ஆன்டெனாவைக் கழற்றுகிறார்கள், ரேடியோவை மாற்றுகிறார்கள். பழுது பெரும்பாலும் கணினிக்குள்ளேயே இருக்கும்.

ஃப்ரீடிவி என்பது சிற்றலையில் பேசுவதற்கான திறந்த மூல மென்பொருள். நாம் இங்கே பார்க்கும் அதன் 700டி முறையின் உயிர் கோடெக்2 என்னும் குரல் சுருக்கி. ஆஸ்திரேலியாவின் டேவிட் ரோவ் உருவாக்கியது. டி-ஸ்டார், டிஎம்ஆர் போன்ற மற்ற இலக்கமுறைக் குரல் முறைகளின் சுருக்கி தனியார் உரிமைக்குட்பட்டது. கோடெக்2-வின் ஒவ்வொரு வரியையும் நீங்கள் திறந்து படிக்கலாம், திருத்தலாம். நான் இதைப் பிடித்துக்கொண்டதற்கு அதுவே காரணம்.

படி 1: தொகுத்தல்

தொகுத்தல் என்றால் மூல நிரலை இயங்கும் நிரலாக மாற்றுவது. உபுண்டு அல்லது டெபியன் லினக்ஸ் போதும். கிட், சி கம்பைலர், சிமேக் மூன்றையும் நிறுவுங்கள். கோடெக்2-வின் மூல நிரலை இறக்கி, அதற்குள் ஒரு புதிய கோப்புறை உருவாக்கி, அங்கிருந்து சிமேக், பிறகு மேக் கட்டளைகளை ஓட்டுங்கள். பிழை வந்தால் திரையின் கடைசி வரியைப் பார்க்காதீர்கள். மேலே உருட்டி முதல் பிழையைப் படியுங்கள். மற்றவை அதன் விளைவுகளாகவே இருக்கும்.

படி 2: சுருக்கியை மட்டும் சோதித்தல்

10 விநாடி பேசிப் பதிவு செய்யுங்கள். விநாடிக்கு 8,000 மாதிரிகள், 16 பிட், மோனோ, தலைப்பில்லாத ரா கோப்பு. அளவு 1,60,000 பைட் இருக்க வேண்டும். இதை சி2என்க் நிரலில் 700சி (விநாடிக்கு 700 பிட்) முறையில் சுருக்குங்கள். 40 மில்லிவிநாடிக்கு 28 பிட். கோப்பில் அது 4 பைட்டாக எழுதப்படும். 10 விநாடிக்கு 250 துண்டுகள்; ஆக 1,000 பைட் வர வேண்டும். பிறகு சி2டெக் நிரலால் விரித்துக் கேளுங்கள்.

எண் பொருந்தவில்லையா? பழுது பதிவில்தான். 44,100 மாதிரியில் பதிந்த கோப்பைக் கொடுத்தால் குரல் இழுத்து, கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் தடித்துக் கேட்கும். ஸ்டீரியோவும் இப்படியே ஏமாற்றும். சோதனைக்குத் தமிழிலேயே பேசுங்கள். 'வாழை', 'வாளை' இரண்டும் பிரிந்து கேட்கின்றனவா என்று காது கொடுத்துப் பாருங்கள். நம் மொழிக்கு இந்தச் சுருக்கம் எப்படிப் பொருந்துகிறது என்பதை நம்மைத் தவிர யாரும் சோதிக்கப் போவதில்லை.

படி 3: கணினிக்குள் ஒரு வானலை

இதுதான் எனக்கு மிகவும் பிடித்த கட்டம். ஃப்ரீடிவி-டிஎக்ஸ் நிரல் குரலைச் சுருக்கி, ரேடியோவில் அனுப்பத்தக்க மோடம் ஒலியாக்கும். சிஹெச் என்ற நிரல் அதில் இரைச்சலைக் கலக்கும். ஃப்ரீடிவி-ஆர்எக்ஸ் அதைத் திரும்பக் குரலாக்கும். மூன்றையும் 700டி முறையில் கோத்து, இரைச்சலைச் சிறிது சிறிதாக ஏற்றுங்கள். சமிக்ஞையைவிட இரைச்சல் சற்று மிகுந்து, விகிதம் மைனஸ் 2 டெசிபலை ஒட்டி இறங்கும்வரை குரல் நிற்கும். அதற்குக் கீழே சட்டென்று அறுந்துவிடும். எஸ்எஸ்பி என்னும் சாதாரண அனலாக் குரல் போல மெல்லத் தேயாது. நிரலில் நீங்கள் ஒரு மாற்றம் செய்தால், அந்த எல்லை முன்னே நகர்ந்ததா பின்னே நகர்ந்ததா என்பதே அளவுகோல். ஒரு நேரத்தில் ஒரே ஒரு மாற்றம்.

இதுவரை உரிமம் தேவையில்லை. பெருந்துறை விடுதி அறையில் இருக்கும் மாணவரும் இன்றே செய்யலாம். ஒலிபரப்பத்தான் மத்திய தொலைத்தொடர்புத் துறையின் உரிமம் வேண்டும்.

படி 4: ரேடியோவோடு இணைத்தல்

கணினிக்கு இரண்டு ஒலி அட்டைகள் வேண்டும்: ஒன்று ரேடியோவுக்கு, மற்றது உங்கள் ஹெட்செட்டுக்கு. இவை இடம் மாறிக் கிடப்பது அடிக்கடி நேரும் தவறு. கணினியின் தானியங்கி ஒலிப்பெருக்கம், இரைச்சல் நீக்கம், ரேடியோவின் ஸ்பீச் பிராசசர் எல்லாவற்றையும் அணையுங்கள். பேச்சுக்கு நல்லது செய்யும் இவை மோடம் ஒலியைச் சிதைத்துவிடும். என் மடிக்கணினியில் தானியங்கிப் பெருக்கம் இயங்கிக்கொண்டிருந்ததைக் கண்டுபிடிக்க எனக்கு இரண்டு இரவுகள் ஆயின.

ஒலி அளவை ரேடியோவின் ஏஎல்சி (தானியங்கி அளவுக் கட்டுப்பாடு) முள் அசையாத இடத்தில் நிறுத்துங்கள். 100 வாட் ரேடியோவில் சராசரி 20 வாட் போதும். 40 மீட்டர் பட்டையில் ரேடியோவை எல்எஸ்பி (கீழ்ப் பக்கப்பட்டை) முறையில் வையுங்கள். ரேடியோவை ஒலிபரப்புக்கு மாற்றும் பிடிடி இயங்கவில்லை என்றால், லினக்ஸில் உங்கள் பயனர் பெயர் 'டயல்அவுட்' குழுவில் இருக்கிறதா என்று பாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் குரல் உடைகிறதா? பல்லடம், சோமனூர் பக்கம் என்றால் சுற்றிலும் விசைத்தறிகள். மற்ற ஊர்களில் எல்இடி விளக்கு, இன்வெர்ட்டர், மோட்டாரின் வேகக் கட்டுப்பாட்டுக் கருவி. பல்லடம் அருகே நண்பர் வீட்டில் மாலை முழுவதும் ஒரு சொல்கூடப் பிரியவில்லை. மின்சாரம் போனது; தறிகள் நின்றன; பேட்டரியில் ஓடிய ரேடியோவில் குரல் தெளிவாக வந்தது. ஆகவே மெயின் சுவிட்சை ஒருமுறை அணைத்து, பேட்டரியில் கேட்டுப் பாருங்கள். நிரலில் கை வைப்பது அதற்குப் பிறகுதான்.

படி 5: பிழையை அறிவித்தல்

'வேலை செய்யவில்லை' என்று எழுதினால் யாராலும் உதவ முடியாது. ரேடியோவிலிருந்து வரும் மோடம் ஒலியைப் பதியும் வசதி ஃப்ரீடிவியிலேயே இருக்கிறது. பழுது நிகழும்போது ஒரு நிமிடம் பதியுங்கள். அதை ஃப்ரீடிவி-ஆர்எக்ஸ் நிரலில் ஓட்டுங்கள். அங்கேயும் குரல் உடைந்தால், மென்பொருளின் பதிப்பு, முறை, இயங்குதளம் மூன்றையும் குறித்து அந்தக் கோப்போடு அனுப்புங்கள். உங்கள் தோட்டத்துச் சாளையில் கேட்ட அதே பழுதை உலகின் மறுகோடியில் இருப்பவரும் அவர் மேசையில் கேட்பார்.