விண்டோஸ் அப்டேட்: எதை உடனே போடணும், எதைத் தள்ளிப் போடலாம்

விண்டோஸ் 11-க்கு வருகிற அப்டேட்டில் இரண்டு ரகம். மாதத்தின் இரண்டாவது செவ்வாய்க்கிழமை (நம் ஊர் நேரப்படி ராத்திரி பத்து, பதினொரு மணிக்கு மேல்) வருவது பாதுகாப்பு ஓட்டைகளை அடைப்பதற்கு. ஆண்டுக்கு ஒருமுறை 24எச்2, 25எச்2 என்று பெயர் மாற்றிக்கொண்டு வருவது இன்னொன்று. "புதுசா என்ன இருக்கு?" என்று கேட்க வேண்டியது இந்த இரண்டாவதைத்தான், அதற்கும் இப்போதெல்லாம் பதில் பெரிதாக ஒன்றும் இல்லை.

ஃபைல் எக்ஸ்ப்ளோரரில் டேப் வந்தது 2022-இல். தனி மென்பொருள் இல்லாமலே ரார் ஃபைலை (பல ஃபைல்களைச் சுருக்கி ஒன்றாகக் கட்டியது) திறக்கும் வசதி 2023-இல். இரண்டும் தினமும் உதவுபவை, மறுக்கவில்லை. ஆனால் டாஸ்க்பாரில் ஒவ்வொரு விண்டோவும் பெயரோடு தனித்தனியாகத் தெரிகிற பழைய வசதியை மைக்ரோசாஃப்ட்காரர்கள் 2021-இல் எடுத்துவிட்டு, 2023-இல் திருப்பிக் கொடுத்ததையும் முன்னேற்றக் கணக்கில்தான் எழுதினார்கள்! 25எச்2 இன்னும் சுவாரசியம்: அதில் உள்ளவை மாதாந்தர அப்டேட் வழியாக 24எச்2-க்குள் ஏற்கெனவே வந்து உறங்கிக்கொண்டிருந்தன, சின்ன ஒரு பேக்கேஜ் இறங்கி, ஒரு ரீஸ்டார்ட்டில் அவற்றை ஆன் செய்துவிடுகிறது.

சரி, நீங்கள் செய்ய வேண்டியது என்ன? விண்டோஸ் பட்டனோடு ஆர் எழுத்தை அழுத்தி, வருகிற பெட்டியில் வின்வர் (winver) என்று தட்டி என்டர் அழுத்துங்கள். உங்களிடம் இருப்பது எந்தப் பதிப்பு என்று தெரிந்துவிடும். ஹோம், ப்ரோ இரண்டுக்கும் ஒரு பதிப்புக்கு 24 மாதம்தான் ஆதரவு (அதாவது பாதுகாப்பு அப்டேட்), 24எச்2 என்றால் 2026 அக்டோபர் 13 வரை. அந்தத் தேதிக்கு இரண்டு மூன்று மாதம் முன்னால் அடுத்த பதிப்புக்கு மாறினால் போதும், வெளியான முதல் வாரமே ஓட வேண்டாம். செட்டிங்ஸில் விண்டோஸ் அப்டேட் பக்கத்தில், புதியவை வந்தவுடனே கொடு என்கிற சுவிட்ச் ஒன்று இருக்கும், அதை ஆஃப் செய்து வையுங்கள். ஆப்ஷனல் என்று போட்டு வருவதையும், உங்களுக்கு இருக்கிற ஏதோ ஒரு கோளாறைச் சரிசெய்கிறது என்றால் தவிர, தொடாதீர்கள்.

மாதாந்தர அப்டேட்டில் மட்டும் இந்தச் சோம்பேறித்தனம் கூடாது. 2017 மே மாதம் வானாக்ரை என்ற நாச மென்பொருள் உலகம் முழுக்கக் கம்ப்யூட்டர்களைப் பூட்டிப் பணம் கேட்டபோது, அது நுழைந்த ஓட்டைக்கான அடைப்பு மார்ச்சிலேயே வெளியாகியிருந்தது. திரையில் எதுவுமே மாறாத அப்டேட் அது. அவசர வேலை இருந்தால் ஒரு வாரம் நிறுத்தி (Pause) வையுங்கள், பிறகு போட்டுவிடுங்கள்.

ஆண்டு அப்டேட்டுக்கு முன் முக்கியமான ஃபைல்களை வெளி டிஸ்க்கில் காப்பி எடுத்துக்கொள்ளுங்கள். 23எச்2-இலிருந்து 24எச்2 போன்ற முழு மாற்றம் பிடிக்கவில்லை என்றால், பத்து நாளுக்குள் சிஸ்டம், ரெக்கவரி போய்ப் பழையதற்குத் திரும்பலாம். அதுவரை டிஸ்க்கில் இடம் போகிறதே என்று பழைய விண்டோஸ் ஃபைல்களை அழித்துவிடாதீர்கள், அழித்தால் திரும்பும் வழியும் போச்சு.