காது கேளாமைக்கு ஜீன் சோதனை: ரிப்போர்ட் நெகட்டிவ் என்று வந்தால்

பாளையங்கோட்டையில் ரத்தம் எடுக்கும் மையம் ஒன்றில் வேலை பார்க்கிறேன். பெரா டெஸ்டில் பிள்ளைக்குக் காது கேட்கவில்லை என்று தெரிந்து, அடுத்து ஜீன் சோதனைக்கு வருகிறவர்களிடம் சொல்வதைத்தான் எழுதுகிறேன்.

பெரும்பாலும் முதலில் ஜிஜேபி2 என்ற ஜீனை ஒரு புத்தகம் போல எழுத்தெழுத்தாகப் படிப்பார்கள். நம் நாட்டில் டபிள்யூ24எக்ஸ் என்ற மாற்றம் அதில் அடிக்கடி கிடைப்பதால் அங்கே தொடங்குவது சரிதான். ஆனால் எழுத்து மாறுவது வேறு, பக்கமே கிழிந்து போவது வேறு. அநேகமாக எல்லா ஜீனிலும் நமக்கு இரண்டு பிரதி உண்டு. ஒன்றில் ஒரு துண்டு காணாமல் போனால், மெஷின் மற்றதைப் படித்துவிட்டு எல்லாம் ஒழுங்காக இருப்பதாகவே காட்டும். அதனால் நெகட்டிவ், அதாவது குறை எதுவும் கிடைக்கவில்லை என்று வந்தால் டாக்டரிடம் கேளுங்கள்: டெலிஷன் (துண்டு காணாமல் போவது), டூப்ளிகேஷன் (துண்டு கூடுதலாக இருப்பது) பார்த்தாச்சா? எந்தெந்த ஜீனில்? எந்த முறையில்?

அதற்கென்று உள்ள முறைகளில் ஒன்று எம்.எல்.பி.ஏ. ஜீனின் ஒவ்வொரு பகுதிக்கும், அதில் போய் ஒட்டக்கூடிய இரண்டு குட்டித் துண்டுகளைச் செய்து ரத்த மாதிரியில் சேர்ப்பார்கள். அந்த இடம் இருந்தால் இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி இணையும். இணைந்தது மட்டுமே பெருகும். பெருகிய அளவை, குறை இல்லாதவர்களின் அளவோடு ஒப்பிடுவார்கள். 1 என்றால் இரண்டு பிரதியும் இருக்கிறது. 0.5 என்றால் ஒன்று இல்லை. 0 என்றால் இரண்டுமே இல்லை. 1.5 என்றால் ஒன்று கூடுதல். ஒரே ஒரு பகுதியில் மட்டும் 0.5 வந்தால் உடனே நம்பிவிடாதீர்கள். அந்த இடத்தில் ஓர் எழுத்து மாறியிருந்தாலும் குட்டித் துண்டு ஒட்டாமல் போகலாம். வேறு முறையில் உறுதி செய்யச் சொல்லுங்கள்.

கூப்பிட்டால் திரும்பும், ஆனால் பாதி வார்த்தையை விட்டுவிடும் பிள்ளைகள் உண்டு. இப்படி லேசான, நடுத்தரக் குறைபாடு என்றால் எஸ்டிஆர்சி ஜீனை அவசியம் கேளுங்கள். அதில் டெலிஷன்தான் அதிகம். பக்கத்திலேயே அச்சு அசலாக அதைப் போல ஒரு போலி ஜீன் இருப்பதால் சாதாரண சோதனை குழம்பிவிடும். அருகிலிருக்கும் கேட்ஸ்பெர்2 ஜீனும் சேர்ந்து இரண்டு பிரதியிலும் போயிருந்தால், ஆண் பிள்ளைக்குப் பிற்காலத்தில் குழந்தைப்பேற்றில் சிக்கல் வரும். அந்த ரிப்போர்ட்டை அவன் பெரியவனாகும் வரை பத்திரமாக வையுங்கள்.

குடும்ப மரம் வரைய உட்கார்ந்தால் ஆச்சிமார் முந்திக்கொள்வார்கள். "எங்க வம்சத்துல யாருக்கும் இப்படி இல்லய்யா." அது உண்மையாகவே இருக்கும். அம்மா, அப்பா இருவருக்கும் ஒவ்வொரு பிரதியில் மட்டும் குறை இருந்தால் இருவருக்கும் காது நன்றாகக் கேட்கும். பிள்ளைக்கு இரண்டும் சேர்ந்து வர நாலில் ஒரு வாய்ப்பு. அத்தை மகன், மாமன் மகள் கல்யாணம் என்றால் கூச்சப்படாமல் சொல்லுங்கள். மரத்தில் இரட்டைக் கோடு போடுவோம், அவ்வளவுதான். தூரத்துச் சொந்தம்தானே என்று விடவும் வேண்டாம். சொந்தத்தில் கட்டியவர்களின் பிள்ளைக்கு ஒரே துண்டு இரண்டு பிரதியிலும் இல்லாமல் இருக்கலாம். அப்போது லேப், "இந்தப் பகுதியைப் படிக்க முடியவில்லை" என்று எழுதும். ரத்தம் சரியில்லை போல என்று கடந்துவிடாதீர்கள். அதுவே விடையாக இருக்கலாம்.

ரத்தம் ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில்தான் எடுக்க வேண்டும். பச்சை மூடிக் குழாயில் உள்ள ஹெப்பரின் சோதனையைக் கெடுக்கும். எடுத்தவுடன் மெதுவாகக் கவிழ்த்து நிமிர்த்தி கலக்குவோம், குலுக்க மாட்டோம். பெயரையும் பிறந்த தேதியையும் குழாயில் நீங்களே ஒருமுறை படித்துப் பாருங்கள். அம்மா, அப்பா ரத்தத்தையும் அன்றே கொடுத்துவிடுங்கள். பிள்ளைக்கு அண்மையில் ரத்தம் ஏற்றியிருந்தால் முதலிலேயே சொல்லுங்கள்.

பையனுக்கு பிஓயு3எஃப்4 ஜீனிலோ அதை ஒட்டிய இடத்திலோ டெலிஷன் வந்தால், காது ஆபரேஷன் செய்யும் டாக்டரிடம் கட்டாயம் காட்டுங்கள். உள்காதைத் திறக்கும்போது நீர் பீறிட்டு வரக்கூடும் என்று அவர் முன்கூட்டியே தயாராவார்.

ரிப்போர்ட் வர நாளாகும். அதுவரை காது மிஷினையும் பேச்சுப் பயிற்சியையும் தள்ளிப் போடாதீர்கள். முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் ஆபரேஷனுக்கு (உள்காதில் கேட்கும் கருவி பொருத்துவது) வயது வரம்பு உண்டு. அந்த விண்ணப்ப வேலையை இப்போதே தொடங்கிவிடுங்கள்.