சீன எழுத்து: கோடு கோடாக எழுதத் தொடங்குவது எப்படி?

சீன எழுத்தைப் பார்த்து அப்படியே வரைந்துவிட முடியும். ஆனால் வரைவது வேறு, எழுதுவது வேறு. எத்தனை கோடு, எது முதலில், எந்தத் திசையில் என்பதெல்லாம் ஒவ்வொரு எழுத்துக்கும் வரையறுக்கப்பட்டிருக்கிறது. கோட்டு எண்ணிக்கையை வைத்துத் தேடும் அகராதியில், எண்ணிக்கை பிசகினால் எழுத்தே அகப்படாது. இங்கே விளக்குவது சீனாவில் இன்று புழங்கும் எளிதாக்கப்பட்ட எழுத்துமுறை.

தாளும் பேனாவும்

தூரிகை இப்போதைக்கு வேண்டாம், 0.5 மி.மீ. ஜெல் பேனா போதும். ஏ4 தாளில் 1.5 செ.மீ. சதுரங்கள் போட்டு, ஒவ்வொன்றையும் புள்ளிக்கோட்டால் நான்காகப் பிரித்துக்கொள்ளுங்கள். சீனப் பிள்ளைகள் பழகும் ‘தியென்ஸ்கே’ கட்டம் இதுதான். வெறும் கோடு போட்ட நோட்டில் எழுதினால் அகலம் கைக்குள் நிற்காது. ‘நல்ல’ என்னும் எழுத்தில் இடப்பக்கம் பெண், வலப்பக்கம் குழந்தை. இரண்டும் விலகிவிட்டால் வேறு சொல்லாகிவிடும்.

அடிப்படைக் கோடுகள்

கிடைக்கோடு இடமிருந்து வலம், மிக லேசாக மேலேறி. செங்குத்து எப்போதும் மேலிருந்து கீழ். இடச்சரிவு அழுத்தமாகத் தொடங்கி நுனியில் மெலியும். வலச்சரிவு நேர்மாறு: மெலிதாக இறங்கி, அடியில் அழுத்தி, வலப்பக்கம் இழுத்து விட வேண்டும். இவற்றோடு புள்ளி, இடக்கீழிருந்து வலமேல் ஏறும் கோடு. கொக்கியும் மடிப்பும் தனியாக வராது, வேறு கோட்டோடு ஒட்டியே வரும். பேனாவை எடுக்காதவரை, எத்தனை முறை மடிந்தாலும் அது ஒரே கோடு.

முதல் எழுத்துகள்

1. பத்து (ஷி), 2 கோடு: கிடை, பிறகு செங்குத்து. கூட்டல் குறியேதான்.
2. மனிதன் (ரன்), 2 கோடு: இடச்சரிவு முதலில். வலச்சரிவு அதன் உச்சிக்குச் சற்றுக் கீழே கிளம்பும். வலச்சரிவு உச்சிக்கு மேலே நீண்டால் அது ‘நுழை’ என்னும் எழுத்து.
3. மண் (து), 3 கோடு: கிடை, செங்குத்து, கிடை. கீழ்க்கோடு நீளம். மேல்கோடு நீண்டால் ‘கற்றவர்’ என்று பொருள்படும் எழுத்தாகிவிடும்.
4. மரம் (மூ), 4 கோடு: கிடை, செங்குத்து, இடச்சரிவு, வலச்சரிவு. சரிவுகள் இரண்டும் குறுக்குச் சந்திப்பிலிருந்து இறங்கும். செங்குத்தின் அடியில் கொக்கி போடாதீர்கள்.

தமிழ்க் கை இடறும் இடம்

வாய் (கோவ்) ஒரு சதுரம், 3 கோடு. ‘ப’ எழுதிப் பழகிய கை இடப்பக்கம் இறங்கி, அடியில் திரும்பி, வலப்பக்கம் மேலேறி, கடைசியில் மூடி போடும். வலப்பக்கம் தலைகீழாகிவிட்டது, எண்ணிக்கையும் 2 ஆகிவிட்டது. சரியான முறை: இடச் செங்குத்து, மேல்கோடும் வலப்பக்கமும் ஒரே மடிப்பாக, கடைசியில் அடிக்கோடு. மூலையில் பேனாவை எடுக்காமல் ஒரு கணம் நிறுத்தி இறக்குங்கள், முனை வளையாது.

நாடு (குவோ), 8 கோடு. சட்டத்தின் இடப்பக்கம், மேல்-வல மடிப்பு, உள்ளே கிடை, கிடை, செங்குத்து, கிடை, புள்ளி. அதற்குப் பிறகுதான் அடிக்கோடு. முன்னாலேயே மூடினால் உள்ளிருப்பவை நசுங்கும். ஜப்பானிய முறையில் உள்ளே உள்ள செங்குத்து இரண்டாம் கிடைக்கு முன்னாலேயே வரும். இரு நாட்டுக் காணொளிகளையும் கலந்து பழகாதீர்கள்.

‘சிறிய’ (ஷியாவ்) இடமிருந்து வலம் என்ற விதிக்கு விலக்கு: கொக்கியுள்ள நடுக்கோடு முதலில், பிறகு இடம், வலம்.

யோங்

‘என்றென்றும்’ எனப் பொருள்படும் இந்த எழுத்தில் எட்டு வகை அசைவுகள் இருப்பதால் கையெழுத்துக் கலையில் இதைக் கொடுத்தே பழக்குவார்கள். எட்டு அசைவு, ஆனால் கோடு ஐந்துதான்: புள்ளி, குறுங்கிடை மடிந்து இறங்கிக் கொக்கியில் முடிவது, இடப்பக்கம் குறுங்கிடையும் இடச்சரிவும் சேர்ந்தது, வலப்பக்கம் சிறு இடச்சரிவு, வலச்சரிவு.

சரிபார்க்க

ஒரே எழுத்தை ஐம்பது தடவை எழுதுவது வீண். தப்பான வரிசைதான் கையில் உறையும். மூன்று கட்டம் பார்த்து எழுதி, மாதிரியை மூடிவிட்டு அடுத்ததை எழுதுங்கள். கைப்பேசியில் ‘பீஹுவா’ விசைப்பலகை (கோடுகளை எழுதும் வரிசையில் அழுத்தி எழுத்தைப் பெறுவது) இருந்தால் அதுவே பரீட்சை. கோடுகளை அது ஐந்தாகப் பிரிக்கிறது: 1 கிடை (ஏறும் கோடும் இதில்), 2 செங்குத்து, 3 இடச்சரிவு, 4 புள்ளி (வலச்சரிவும் இதில்), 5 மடிப்பு. மரம் 1234, வாய் 251, நாடு 25112141, யோங் 45534.