கம்பெனி ஸ்டீரியோவை மாற்றாமல் ஆம்ப்ளிஃபயர் சேர்ப்பது

ஏசி, ரிவர்ஸ் கேமரா, ஸ்டியரிங் பட்டன் எல்லாம் ஒரே திரையோடு பின்னிக்கிடக்கும் கார்களில் ஸ்டீரியோவைக் கழற்றி வேறு போடுவது சிரமம். அதை அப்படியே விட்டுவிட்டு ஆம்ப் சேர்க்கலாம். பவர் ஒயர் இழுப்பதற்குத்தான் பலரும் பயப்படுகிறார்கள். உண்மையில் ஸ்டீரியோ புகைவதும் பாட்டு கரகரப்பதும் பெரும்பாலும் சிக்னல் எடுக்கும் இடத்தில் நடக்கும் தவறால்தான்.

கம்பெனி ஸ்டீரியோவின் பின்னால் ஆர்சிஏ சாக்கெட் (ஆம்புக்குச் சிக்னல் கொடுக்கும் வட்டச் சாக்கெட்) அநேகமாக இருக்காது. ஸ்பீக்கருக்குப் போகும் ஒயரிலிருந்தே சிக்னல் எடுக்க வேண்டும். ஸ்டீரியோவை ஆன் செய்து, மல்டிமீட்டரை டிசியில் வைத்து, ஒரு முனையை பாடியிலும் மறுமுனையை ஸ்பீக்கர் ஒயரிலும் வைத்துப் பாருங்கள். பிளஸ், மைனஸ் இரண்டிலுமே 6 வோல்ட் அளவில் காட்டும். மைனஸ் என்று பெயர்தானே தவிர, அது எர்த் இல்லை. உள்ளே இருக்கும் ஐசி இரண்டு ஒயரையும் தனித்தனியே இயக்குகிறது. அந்த மைனஸை பாடியில் சேர்த்தாலோ, இடது வலது மைனஸ்களை ஒன்றாக முறுக்கினாலோ ஐசி போய்விடும்.

ஆம்பில் ஹை லெவல் இன்புட் (ஸ்பீக்கர் ஒயரின் சிக்னலை அப்படியே ஏற்கும் வழி) இருந்தால் இந்த ஒயர்களை நேராக அதில் கொடுத்துவிடலாம். இல்லையென்றால் ஸ்பீக்கர் சிக்னலை ஆர்சிஏ அளவுக்குக் குறைத்துத் தரும் லைன் அவுட்புட் கன்வெர்ட்டர் நடுவில் வேண்டும். சிறிய டிரான்ஸ்ஃபார்மர் வைத்த மலிவான கன்வெர்ட்டர் ஆழமான பேஸை விழுங்கிவிடும். சப்வூஃபருக்கு என்றால் 12 வோல்ட்டில் இயங்கும் ஆக்டிவ் வகையே சரி. அதை ஸ்டீரியோ பக்கத்தில் வைக்காமல் ஆம்புக்கு அருகில் வையுங்கள். ஸ்பீக்கர் லெவல் சிக்னல் வலுவானது, நீண்ட தூரம் வந்தாலும் இரைச்சல் எளிதில் ஏறாது.

வேலையைத் தொடங்கும் முன் பேட்டரியின் மைனஸைக் கழற்றுங்கள். டாஷ்போர்டில் தென்படும் மஞ்சள் கனெக்டர்கள் ஏர்பேக்குடையவை, தொடவே வேண்டாம். உங்கள் மாடலுக்கு டி-ஹார்னஸ் (ஸ்டீரியோவுக்கும் அதன் கனெக்டருக்கும் நடுவில் செருகும் இணைப்பு) கிடைத்தால் ஒரு ஒயரைக்கூட வெட்ட வேண்டியதில்லை. எந்த ஒயர் பிளஸ் என்று தெரியாவிட்டால், ஸ்டீரியோவிலிருந்து கனெக்டரைப் பிடுங்கிவிட்டு, ஸ்பீக்கர் ஒயர்களில் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் பிளஸ் தொட்டதுதான் பிளஸ். ட்வீட்டரில் இது பலிக்காது. அதன் கெப்பாசிட்டர் டிசியைத் தடுத்துவிடும்.

இன்னொரு சிக்கல், வால்யூம் ஏற ஏறச் சில ஸ்டீரியோக்கள் தாமாகவே பேஸைக் குறைப்பது. சின்ன ஸ்பீக்கர் கிழியாமல் இருக்க அப்படிச் செய்கின்றன. 50 ஹெர்ட்ஸ் டோன் (ஒரே சுருதியில் ஒலிக்கும் சோதனை ஒலி) போட்டு, வால்யூமைப் படிப்படியாக ஏற்றி, ஸ்பீக்கர் ஒயரில் ஏசி வோல்ட் பாருங்கள். 1 கிலோஹெர்ட்ஸ் டோனில் வோல்ட் ஏறிக்கொண்டே போய், 50-இல் நின்றுவிட்டால் இந்தப் பிரச்சினைதான். இதைச் சரிசெய்ய டிஎஸ்பியோ (சிக்னலை டிஜிட்டலாகத் திருத்தும் கருவி), பேஸை மீட்கும் கன்வெர்ட்டரோ வேண்டும். ஆம்பின் கெயினை (வரும் சிக்னலின் அளவுக்கு ஏற்ப ஆம்பைப் பொருத்தும் குமிழ்) திருகிப் பயனில்லை. சில ஸ்டீரியோக்கள் ஸ்பீக்கர் இல்லை என்று தெரிந்தால் சிக்னலையே நிறுத்திவிடும். அங்கே பிளஸ்-மைனஸ் குறுக்கே 20 முதல் 60 ஓம், 10 வாட் ரெசிஸ்டர் போட வேண்டியிருக்கும். சப்வூஃபர் மட்டும் சேர்த்து, பழைய ஸ்பீக்கரை அப்படியே விட்டால் இந்தத் தொல்லை வராது. கம்பெனியே தனி ஆம்ப் வைத்து ஃபைபர் ஆப்டிக்கில் சிக்னல் அனுப்பும் கார்களில் ஸ்டீரியோ பின்னால் ஒன்றும் கிடைக்காது, அந்த ஆம்பின் வெளியீட்டிலிருந்துதான் எடுக்க வேண்டும்.

பவருக்குச் சின்னக் கணக்கு. 500 வாட் ஆர்எம்எஸ் (தொடர்ந்து தரக்கூடிய சக்தி) கிளாஸ் டி (மின்சாரத்தைக் குறைவாக வீணாக்கும் வகை) ஆம்ப், திறன் 80 சதவீதம், 13.8 வோல்ட் என்றால் முழு வேகத்தில் சுமார் 45 ஆம்பியர். 5 மீட்டர் ஓட்டத்தில் 8 கேஜ் (கேஜ் எண் குறையக் குறைய ஒயர் தடிமன்) செம்பு ஒயர் இதில் கிட்டத்தட்ட அரை வோல்ட்டைத் தின்னும். 4 கேஜ் 0.2 வோல்ட்டுக்குள் நிற்கும். அலுமினியத்தின் மேல் செம்புப் பூச்சு போட்ட ஒயர் என்றால் இன்னும் ஒரு அளவு தடிமன் எடுங்கள். பேட்டரியிலிருந்து 45 செ.மீ.க்குள் 60 ஆம்பியர் ஃபியூஸ். அது காப்பது ஆம்பை அல்ல, ஒயரை. தள்ளி வைத்தால் அதுவரையுள்ள ஒயருக்குக் காப்பே இல்லை. ஃபயர்வாலில் (என்ஜினுக்கும் காரின் உட்புறத்துக்கும் நடுவிலுள்ள தகடு) ரப்பர் க்ரோமெட் எனும் வளையம் இல்லாமல் ஒயரை நுழைக்காதீர்கள். பவர் ஒயர் காரின் ஒரு பக்கம், சிக்னல் ஒயர் மறுபக்கம்.

எர்த் ஒயரும் அதே தடிமன், 45 செ.மீ.க்கு மிகாமல். பெயிண்டைச் சுரண்டி வெறும் தகட்டில் லக் (ஒயர் முனையில் மாட்டும் உலோக வளையம்) வைத்து முறுக்குங்கள், பிறகு துருப்பிடிக்காமல் மேலே பெயிண்ட் பூசுங்கள். சீட் பெல்ட் போல்ட்டில் மட்டும் மாட்டவே கூடாது.

ஆம்பை ஆன் செய்யும் ரிமோட் ஒயருக்குச் சாவி திருப்பினால் மட்டும் 12 வோல்ட் வரும் ஃபியூஸில் ஃபியூஸ் டேப் (அந்த ஃபியூஸ் இடத்திலிருந்து கிளை ஒயர் எடுக்கும் துண்டு) போடுங்கள். பல ஹை லெவல் ஆம்ப்கள் அந்த 6 வோல்ட்டைக் கண்டு தாமே விழித்துக்கொள்ளும். எப்போதும் 12 வோல்ட் இருக்கும் இடத்தில் கொடுத்தால் நிறுத்திவைத்த காரில் பேட்டரி இறங்கிவிடும்.

கெயின் என்பது வால்யூம் குமிழ் இல்லை. ஆம்பிலிருந்து ஸ்பீக்கரைக் கழற்றி, பேஸ், ட்ரெபிளைப் பூஜ்யத்தில் வைத்து, கெயினை முழுதும் குறைத்து, வால்யூமை முக்கால் அளவுக்கு ஏற்றுங்கள். கதவு ஸ்பீக்கருக்கு 1 கிலோஹெர்ட்ஸ், சப்வூஃபருக்கு 50 ஹெர்ட்ஸ் டோன், க்ராஸ்ஓவர் (தாழ்ந்த, உயர்ந்த ஒலிகளைப் பிரிக்கும் ஃபில்டர்) ஆஃப். வாட்டை ஓமால் பெருக்கி வர்க்கமூலம் எடுத்தால் வர வேண்டிய ஏசி வோல்ட் கிடைக்கும். 75 வாட், 4 ஓமுக்கு 17.3, 300 வாட், 4 ஓமுக்கு 34.6. அந்த எண் வரும்வரை மட்டும் திருகுங்கள். பிறகு க்ராஸ்ஓவரை 80 ஹெர்ட்ஸில் வைத்துக் காதால் சரிபாருங்கள்.

என்ஜின் வேகத்தோடு சேர்ந்து ஏறும் ‘ஙீ’ என்ற ஊளை கேட்டால் முதலில் எர்த்தைக் கழற்றி மீண்டும் சுரண்டி மாட்டுங்கள். அப்போதும் போகாவிட்டால் ஆம்பின் இன்புட் ஒயர்களைப் பிடுங்கிப் பாருங்கள்: சத்தம் நின்றால் கோளாறு சிக்னல் பக்கம், நிற்காவிட்டால் பவர் பக்கம்.