மந்தையா, கூட்டமா? பிள்ளைகளுக்குச் சொல்லித்தர ஒரு சுலப வழி

தமிழ்ப் பாடத்தில் வரும் கூட்டப் பெயர்களைப் பட்டியலாக மனப்பாடம் செய்ய வைக்காதீர்கள். ஒரே கேள்வி போதும்: ஓட்டிப் போக ஆள் உண்டா? உண்டென்றால் மந்தை. ஆட்டுமந்தை, மாட்டுமந்தை என்போம். தானாகத் திரிந்தால் கூட்டம்: மான் கூட்டம், குரங்குக் கூட்டம், காட்டுப்பன்றிக் கூட்டம். எறும்புக்கு மட்டும் சாரை. வரிசையாக ஊர்கிறதே, அதனால்.

வேலூர் பக்கத்து அமிர்தி விலங்கியல் பூங்காவுக்குப் போகும்போது புள்ளிமான்களைக் காட்டிக் கேளுங்கள், சட்டென்று பதில் வரும்.

நம் வட ஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு சொல்லும் தெரிய வேண்டும்: தொறு. மாட்டு மந்தைக்குப் பழைய பெயர். செங்கம் பக்கத்து நடுகற்களில் ‘தொறு மீட்டுப் பட்டான்’ என்ற பாங்கில் எழுதியிருப்பார்கள். கவர்ந்து போன மாடுகளை மீட்கும் சண்டையில் உயிர்விட்டவன் என்று பொருள். இந்தத் தொறுவையே இலக்கியத்தில் ஆநிரை என்பார்கள். கல்லில் வில்லோடு நிற்கும் வீரனைக் காட்டிச் சொன்னால் எந்தப் பிள்ளையும் மறக்காது.

அப்புறம், யானை விஷயத்தில் சொல் சரியாக இருப்பது ரொம்ப முக்கியம். ஆந்திராவின் கவுண்டின்யா காட்டிலிருந்து குடியாத்தம், பேரணாம்பட்டு பக்கம் யானைகள் இறங்குவதுண்டு. மூத்த பெண் யானை முன்னே நடத்த, குட்டிகளோடு வருவது கூட்டம். தனியே வரும் ஆண் யானை ஒற்றை யானை. வனத்துறைக்குப் போன் செய்யும்போது கூட்டமா ஒற்றையா, குட்டி இருக்கிறதா, எந்தப் பக்கம் போகிறது என்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள்.