ஸ்கேன் படத்துல வயித்துல இருக்குற குழந்தையோட தலைச்சுற்றளவை கம்ப்யூட்டர் வெச்சு அளக்குறது எப்படி

மெடிக்கல் இமேஜ்ல ப்ராஜெக்ட் பண்ற பசங்க நிறைய பேர் இந்த டாபிக்கை எடுக்குறாங்க, யு-நெட்னு படத்துல ஒரு பகுதியைப் பிரிச்செடுக்குற நியூரல் நெட்வொர்க்கை ட்ரெயின் பண்றாங்க, டைஸ் ஸ்கோர் (மாடல் பிரிச்ச பகுதியும் நிஜப் பகுதியும் எவ்வளவு ஒத்துப்போகுதுங்கிற மார்க், நூத்துக்கு) 97 வந்ததும் வேலை முடிஞ்சதுன்னு ரிப்போர்ட் எழுதிடுறாங்க. ஆனா ஸ்கேன் ரூம்ல இருக்குற டாக்டருக்கு அந்த 97ஐ வெச்சு ஒண்ணும் பண்ண முடியாது, அவங்களுக்கு வேண்டியது மில்லிமீட்டர். அதனால மாஸ்க் (தலை இருக்குற இடத்தை மட்டும் நிரப்பிக் காட்டுற படம்) வர்ற வரைக்கும் உள்ள கதையை வேகமா சொல்லிட்டு, மாஸ்க்குல இருந்து மில்லிமீட்டருக்குப் போற இடத்துல கொஞ்சம் நின்னு பேசப்போறேன், ஏன்னா தப்பு நடக்குறது பெரும்பாலும் அங்கதான்.

முதல்ல எதை அளக்குறோம்னு தெளிவா இருக்கட்டும். ஸ்கேன் ரிப்போர்ட்ல ஹெச்சின்னு போட்டிருக்கும் பாருங்க, அதுதான் தலைச்சுற்றளவு. தலையோட குறுக்குவெட்டு, நடுக்கோடு தெரியணும், ரெண்டு பக்கமும் தாலமஸ்ங்கிற மூளையோட நடுப்பகுதி தெரியணும், சிறுமூளை தெரியக்கூடாது. அந்தப் படத்துல மண்டை ஓட்டோட வெளி விளிம்பைச் சுத்தி ஒரு நீள்வட்டம் போட்டு அதோட சுற்றளவை எடுக்கணும். உள் விளிம்பு இல்ல, வெளி விளிம்பு. இதை நினைவுல வெச்சுக்கோங்க, கீழ திரும்ப வரும்.

டேட்டாவுக்கு அலைய வேண்டாம். நெதர்லாந்துல நைமேகன் ஊர்ல இருக்குற ராட்பவுட் மருத்துவமனைக்காரங்க 2018ல ஹெச்சி18னு ஒரு டேட்டாசெட் வெளியிட்டாங்க, ஜெனோடோ தளத்துல ஃப்ரீயா கிடைக்குது. 551 தாய்மார்கள்கிட்ட எடுத்த 1334 படம், அதுல 999 ட்ரெயினிங், 335 டெஸ்ட். ஒவ்வொரு படமும் 800க்கு 540 பிக்சல். கூடவே ஒரு சிஎஸ்வி ஃபைல் (அட்டவணை மாதிரி) இருக்கும், அதுல ஒவ்வொரு படத்துக்கும் ஒரு பிக்சல் எத்தனை மில்லிமீட்டர்னு போட்டிருக்கும், அது 0.052ல இருந்து 0.326 வரைக்கும் மாறும். அதாவது ஒரே அளவுல தெரியுற ரெண்டு தலை நிஜத்துல ஆறு மடங்கு வித்தியாசத்துல கூட இருக்கலாம். இந்த சிஎஸ்வியைத் திறந்தே பாக்காம ப்ராஜெக்ட் முடிக்கிறவங்க இருக்காங்க, தயவுசெஞ்சு அப்படிப் பண்ணாதீங்க.

ஃபைல் பேரையும் கவனிங்க. ஒரே ஸ்கேன்ல எடுத்த படங்களுக்கு முன்னாடி இருக்குற நம்பர் ஒண்ணாவே இருக்கும், நடுவுல மட்டும் 2, 3னு கூடுதலா வரும். வேலிடேஷனுக்கு (மாடலை நடுவுல சோதிச்சுப் பாக்க ஒதுக்குற படங்களுக்கு) பிரிக்கும்போது சும்மா ரேண்டமா பிரிச்சீங்கன்னா ஒரே குழந்தையோட ஒரு படம் ட்ரெயினிங்லயும் கிட்டத்தட்ட அதே மாதிரி இன்னொரு படம் வேலிடேஷன்லயும் போயிடும், ஸ்கோர் அழகா வரும், அதுல உண்மை இருக்காது. அந்த முன் நம்பரை வெச்சு குரூப்பாப் பிரிங்க.

அடுத்து, இவங்க கொடுத்திருக்குற அனோட்டேஷன், அதாவது தலை எங்க இருக்குன்னு கையால குறிச்சது, வெறும் கோடுதான், உள்ள நிரம்பின மாஸ்க் கிடையாது. சும்மா உள்பக்கம் ஃபில் பண்ணலாம், ஆனா தலை படத்தோட ஓரத்துல வெட்டுப்பட்டிருந்தா கோடு மூடியிருக்காது, ஃபில் சொதப்பிடும். அந்தக் கோட்டுப் புள்ளிகளுக்கு ஒரு நீள்வட்டம் பொருத்தி அதையே நிரப்பி வரைஞ்சுக்குறது பாதுகாப்பு.

இப்ப படத்தைப் பத்தி. இது அல்ட்ராசவுண்ட், ஒலி மேல இருந்து கீழ போகுது, அதனால ஒலிக்கு நேர் எதிரா நிக்கிற எலும்பு பளிச்சுன்னு வெள்ளையா தெரியும், ஒலி போற திசையிலேயே ஓடுற எலும்பு மங்கிப்போயிடும். தலை படுக்கைவாட்டுல இருந்தா மேலயும் கீழயும் நல்ல கோடு, இடது வலது முனையில கிட்டத்தட்ட ஒண்ணுமே இருக்காது. பழைய எட்ஜ் டிடெக்ஷன் (விளிம்பைத் தேடுற) முறைகள் தடுமாறுறதும் இங்கதான், கடைசியில நீள்வட்டம் பொருத்துறதும் இதுக்காகத்தான், இல்லாத இடத்தை அது நிரப்பிக்கொடுக்கும். அப்புறம் அந்தப் புள்ளி புள்ளியா தெரியுற ஸ்பெக்கிள். அது கேமரா நாய்ஸ் மாதிரி வெளிய இருந்து வந்து ஒட்டினது கிடையாது, திசுவுல இருக்குற சின்னச்சின்ன பொருள்கள்ல பட்டுத் திரும்புற எதிரொலிகள் ஒண்ணோட ஒண்ணு கூடிக் கழிஞ்சு உண்டாகுறது. கண்ணுக்கு அழகா இருக்கணும்னு பெரிய மீடியன் ஃபில்டர் (படத்தை வழவழப்பாக்குற ஃபில்டர்) போட்டு வழிச்சு எடுத்தீங்கன்னா மண்டை ஓட்டோட வெளி விளிம்பும் சேர்ந்து நகரும். யு-நெட்டுக்கு ஃபில்டரே போடாம கொடுக்கலாம், அது பழகிக்கும்.

ஆக்மென்டேஷன்ல, அதாவது இருக்குற படங்களை மாத்தி மாத்தி ட்ரெயினிங் படத்தைக் கூட்டுறதுல, இடது வலது திருப்புறது சரி, கொஞ்சம் சுழற்றுறது சரி, வெளிச்சம் மாத்துறது சரி. தலைகீழாத் திருப்பாதீங்க, எலும்போட நிழல் எப்பவும் கீழ்ப்பக்கம்தான் விழும், நிழல் மேல விழுற படம் எந்த மெஷின்லயும் வராது. ட்ரெயினிங் பத்தி பெருசா சொல்ல ஒண்ணுமில்ல, 2015ல வந்த சாதாரண யு-நெட்டே போதும், கூகுளோட கோலாப்ல ஓடும், மாடலோட தப்பை அளக்குற லாஸுக்கு டைஸ் லாஸும் கிராஸ் என்ட்ரபியும் சேர்த்துப் போடுங்க.

மாஸ்க் வந்தாச்சு. மெமரிக்காக படத்தை 256க்கு 256ன்னு சுருக்கியிருப்பீங்க, ஆனா 800க்கு 540 சதுரம் கிடையாதே, நீளத்துல ஒரு அளவும் உயரத்துல வேற அளவும் சுருங்கியிருக்கும். அந்தச் சின்ன மாஸ்க்குலயே நீள்வட்டம் பொருத்தி அப்புறம் பெருக்கினா வடிவமும் கோணமும் தப்பா வரும். மாஸ்க்கை முதல்ல 800க்கு 540க்குத் திரும்பப் பெருசாக்குங்க, இருக்குறதுலயே பெரிய துண்டை மட்டும் வெச்சுக்கிட்டு மத்ததைத் தூக்கிடுங்க, அதோட கான்டூரை (சுத்தியுள்ள விளிம்புக்கோட்டை) எடுங்க, படத்தோட ஓரத்தை ஒட்டி நேர்கோடாப் போற புள்ளிகளை நீக்கிடுங்க (இல்லேன்னா அது நீள்வட்டத்தை உள்ள இழுக்கும்), அதுக்கப்புறம் ஓபன்சிவிங்கிற இமேஜ் லைப்ரரியோட ஃபிட் எலிப்ஸ் போடுங்க.

அந்த ஃபங்ஷன் கொடுக்குறது முழு அச்சு நீளம், பாதி இல்ல. கோணம் டிகிரில வரும், ஹெச்சி18 தளத்துல ரிசல்ட்டை சப்மிட் பண்ண பாதி அச்சும் ரேடியனும் வேணும். சுற்றளவுக்கு நம்ம ராமானுஜன் 1914ல கொடுத்த சூத்திரமே தாராளம், பாதி அச்சுகள் அ, ஆன்னு வெச்சுக்கிட்டா:

சுற்றளவு = பை × [3(அ + ஆ) − √((3அ + ஆ)(அ + 3ஆ))]

ஒரு தலை நீளவாக்குல 62 மிமீ, குறுக்க 48 மிமீன்னு வைங்க. அ 31, ஆ 24. சுற்றளவு 173.5 மிமீ வரும். கருவோட வயசு கணிக்க ஹேட்லாக்ங்கிற ஆராய்ச்சியாளர் 1984ல கொடுத்த சூத்திரம், ஹெச்சியை சென்டிமீட்டர்ல போட்டா வாரம் = 8.96 + 0.540 × ஹெச்சி + 0.0003 × ஹெச்சி³. 17.35 போட்டுப் பாருங்க, 19.9 வாரம், சரியா அஞ்சாம் மாச ஸ்கேன். இப்ப பாதியாக்க மறந்து 62, 48னே போட்டா 347 மிமீ வரும், அதுக்கு ஹேட்லாக் 40 வாரம்னு சொல்லும். ப்ரோக்ராம் எர்ரர் காட்டாது, நம்பர் நம்புற மாதிரியே இருக்கும், அதான் பயம். அதனால ட்ரெயினிங் சிஎஸ்வில கொடுத்திருக்குற ஹெச்சியோட உங்க ப்ரோக்ராம் கணக்குப் போட்ட ஹெச்சியை, மாடலே இல்லாம, அவங்க அனோட்டேஷன் கோட்டை வெச்சே முதல்ல ஒத்துப்பாருங்க. அது ஒட்டி வந்தா மட்டும் மாடல் பக்கம் போங்க.

வெளி விளிம்பு விஷயத்துக்கு வர்றேன். மாஸ்க் சுத்திலும் வெறும் 1 மிமீ உள்ள தள்ளிப்போனா சுற்றளவு 6.3 மிமீ குறையும். மேல உள்ள சூத்திரப்படி 20 வாரத்துல அது அரை வாரம், 36 வாரத்துல ஏறக்குறைய ஒரு வாரம். டைஸ் ஸ்கோர்ல இது அவ்வளவா தெரியாது. அதனால ரிசல்ட் டேபிள்ல மிமீ வித்தியாசத்தை குறியோட போடுங்க, ப்ளஸ்ஸா மைனஸான்னு தெரியணும், எல்லாமே மைனஸ்னா உங்க மாடல் உள் விளிம்பைப் புடிச்சிக்கிட்டு இருக்கு.

நம்ம ஊர் ஆஸ்பத்திரி படத்துல ட்ரை பண்ண ஆசை வரும். எத்திக்ஸ் கமிட்டி அனுமதி இல்லாம தொடவே கூடாது. டைகாம் ஃபைல்ல (ஆஸ்பத்திரி மெஷின்கள் படத்தைச் சேமிக்கிற ஃபைல் வகை) நோயாளி விவரம் இருக்குற ஹெட்டரை அழிச்சா மட்டும் போதாது, அம்மாவோட பேரு படத்தோட மேல்பக்கமே எழுத்தா பதிஞ்சிருக்கும், அதையும் மறைக்கணும். டாக்டர் ஏற்கனவே அளந்த புள்ளிக்கோடு படத்துல இருந்தா அந்தப் படம் வேண்டாம், மாடல் தலையை விட்டுட்டு அந்தக் கோட்டையே கத்துக்கும். பிக்சல் அளவு, டைகாம் ஹெட்டர்ல அல்ட்ராசவுண்ட் ரீஜன்ஸ்னு ஒரு பகுதி இருக்கும் அதுக்குள்ள இருக்கும், அது சென்டிமீட்டர்ல வரும், 10ஆல பெருக்குங்க. இன்னொண்ணு, ஆணா பெண்ணான்னு கண்டுபிடிக்கிற மாடல் எதையும் விளையாட்டுக்குக்கூட செய்யாதீங்க, 1994ம் வருஷச் சட்டப்படி இந்தியாவுல அது குற்றம், ஜெயில் உண்டு, அந்தச் சட்டம் எதுக்கு வந்துச்சுன்னு நமக்கெல்லாம் தெரியும்.

கடைசியா டெமோ ஸ்க்ரீன். நம்பரை மட்டும் காட்டாதீங்க, படத்து மேல நீள்வட்டத்தை மெல்லிசா வரைஞ்சு காட்டுங்க, டாக்டர் மவுஸால இழுத்துத் திருத்துற மாதிரி வைங்க, திருத்தின உடனே மில்லிமீட்டரும் வாரமும் பக்கத்துலயே மாறணும்.