கடலோரத் தண்ணீரில் ஹைட்ரோபோனிக்ஸ்: மீட்டரை மட்டும் நம்பிச் செய்யும் தவறுகள்

கீழக்கரை, தேவிபட்டினம், தொண்டி பக்கம் மொட்டை மாடியில் கீரையோ லெட்யூஸோ ஹைட்ரோபோனிக்ஸ் முறையில் (மண் இல்லாமல், உரம் கரைத்த தண்ணீரில்) வளர்க்க நினைக்கிறவர்கள் முதலில் பார்க்க வேண்டியது உரத்தை அல்ல, தண்ணீரை. ராமநாதபுரம் கரையோரத்தில் பெரும்பாலான போர் தண்ணீர் உப்பு. இங்கே நடக்கும் தவறுகள் பல இதிலிருந்துதான் தொடங்குகின்றன.

இ.சி. (மின்கடத்துதிறன்) மீட்டர் தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புகளின் மொத்த அளவைத்தான் காட்டும். அது நைட்ரேட்டா, பொட்டாசியமா, இல்லை வெறும் சோடியமா என்று அதற்குத் தெரியாது. உங்கள் கீரைக்கு இ.சி. 1.8 மில்லிசீமென்ஸ் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். போர் தண்ணீரே 1.3 காட்டினால், உரத்துக்கு மிஞ்சுவது 0.5 மட்டும்தான். அந்த 1.3-இல் கொஞ்சம் கால்சியமும் மெக்னீசியமும் இருக்கலாம். ஆனால் கடலோரத்தில் பெரும்பகுதி சோடியமும் குளோரைடும்தான். மீட்டர் 1.8 காட்டும், செடியோ பட்டினி கிடக்கும். இலை வெளுக்கிறதே என்று இன்னும் உரம் ஊற்றினால் நுனி கருகும். அதனால் உரம் கலக்கும் முன்பே வெறும் தண்ணீரை அளந்து எழுதி வையுங்கள். 0.5-க்கு மேல் போனால் ஆர்.ஓ. (வடிகட்டி உப்பு நீக்கிய) தண்ணீரோ மழைநீரோ கலந்து குறைப்பதுதான் வழி. ஐப்பசி, கார்த்திகையில் பெய்வதைச் சேமிக்க ஒரு மூடிய தொட்டி வைப்பது, விலை உயர்ந்த உரம் வாங்குவதைவிட நல்ல செலவு என்பேன்.

தொட்டியில் அளவு குறைந்ததும் மறுபடி உரக்கரைசலையே ஊற்றுவது அடுத்த தவறு. நம் வெயிலில் செடி உரத்தைவிடத் தண்ணீரைத்தான் வேகமாகக் குடிக்கும்; மிச்சக் கரைசல் கெட்டியாகிக்கொண்டே போகும். இ.சி. ஏறியிருந்தால் நல்ல தண்ணீர் மட்டும் ஊற்றுங்கள். இறங்கியிருந்தால்தான் உரம். உப்புத் தண்ணீரை ஊற்றினால் செடி எடுக்காத சோடியம் தொட்டியிலேயே சேரும், எந்த உரமும் அதை வெளியேற்றாது. இரண்டு வாரத்துக்கு ஒருமுறை கரைசலை மாற்றிவிட்டு, பழையதைத் தென்னைக்கு விடலாம்.

கரைசலின் பி.எச். (அமில, காரத் தன்மையின் அளவு) 5.5-க்கும் 6.5-க்கும் நடுவில் இருக்கட்டும். 7-ஐத் தாண்டினால் இரும்புச்சத்து கரைசலில் இருந்தும் செடிக்குக் கிடைக்காது, குருத்து மஞ்சளாகும். முதலில் உரம், கலக்கிய பிறகு பி.எச்.; உரமே அதை மாற்றிவிடும் என்பதால் இந்த வரிசை முக்கியம். ஆர்.ஓ. தண்ணீரில் ஆசிட்டைத் தாங்கும் பைகார்பனேட் குறைவு, சில சொட்டிலேயே சரேலென்று இறங்கிவிடும். பொறுமையாகச் சேருங்கள். ஆசிட்டை நீர்க்கச் செய்யும்போது தண்ணீரில்தான் ஆசிட்டை ஊற்ற வேண்டும், ஆசிட்டில் தண்ணீரை அல்ல.

ஏ, பி என்று இரண்டு பாட்டிலில் உரம் தருவது வீண் வேலை அல்ல. கெட்டியான நிலையில் கால்சியம் நைட்ரேட்டும் சல்பேட், பாஸ்பேட் உரங்களும் சேர்ந்தால் வெள்ளையாகப் படிந்து அடியில் தங்கிவிடும். ஒன்றைத் தண்ணீரில் நன்றாகக் கலக்கிய பிறகே மற்றதை ஊற்றுங்கள்.

தொட்டி வெயிலில் நிற்பதை லேசாக நினைக்காதீர்கள். தண்ணீர் 25 டிகிரியில் லிட்டருக்குச் சுமார் 8 மில்லிகிராம் ஆக்சிஜனைப் பிடித்து வைக்கும், 35-இல் 7-க்கும் கீழ். வேர் மூச்சு முட்டி, பழுப்பாகி அழுகும். நிழலில் வையுங்கள், வெள்ளை அடியுங்கள், ஏர் பம்ப் போடுங்கள்.

கடைசியாக, மீட்டர். டி.டி.எஸ். (கரைந்த உப்பின் மொத்த அளவு) எண்ணை இன்னொருவர் சொன்ன எண்ணோடு ஒப்பிடாதீர்கள். ஒரே தண்ணீருக்குச் சில மீட்டர்கள் இ.சி.யை 500-ஆல் பெருக்கும், சில 700-ஆல். பி.எச். மீட்டரின் முனையை ஆர்.ஓ. தண்ணீரில் ஊற வைத்தால் அது பழுதாகும், அதற்கென்று விற்கும் பொட்டாசியம் குளோரைடு கரைசலில் வையுங்கள். மாதம் ஒருமுறையாவது பி.எச். 7, 4 கரைசல்களிலும், இ.சி.யை 1.413 மில்லிசீமென்ஸ் கரைசலிலும் சரிபாருங்கள். சரிபார்த்து முடித்த கரைசலைத் திரும்பப் பாட்டிலில் ஊற்றக் கூடாது.